மயிலைக்காளை சொன்ன சாட்சி

உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவே கரட்டுப் பாறையை உடைத்து அறுபதடிக் கிணறு வெட்டியவன் நான். தண்ணீர் வராது என்று சிரித்த ஊர், பிறகு குடத்தோடு வரிசையில் நின்றது. கிணற்றை ஒட்டி வண்டிப்பேட்டை போட்டேன். பருத்திக் கிடங்கு கட்டினேன். அதன் சுவரை முதல் தடவை மழை இடித்தது, இரண்டாம் தடவை பங்காளிகள் இடித்தார்கள். மூன்றாம் தடவை கருங்கல்லில் கட்டினேன். இன்றைக்கும் நிற்கிறது, பங்காளிகள்தான் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் இத்தனையும் செய்தான் என்பதை ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாத காரியம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். அந்த வண்டி ஒரு தடவை வேகம் குறைந்தால் மறுபடி எழும்பாது. அதனால் டிரைவர்கள் எதிரே எமனே வந்தாலும் ஒதுங்குவதில்லை.

ஒரு நாள் காலை, பேட்டை வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர் வண்டிக்காரன் ஒருவன் பருத்திப் பொதியோடு சாலையின் இடப்பக்கமாகப் போனான். எதிரே வந்த பஸ் அவனுடைய நுகத்தடியின் வலது முனையில் இடித்தது. முனை முறிந்தது. அந்தப் பக்கம் பூட்டியிருந்த மயிலைக்காளை முட்டி தேய விழுந்தது. பஸ் படியில் தொங்கிய ஆளுக்குக் கை ஒடிந்தது. எல்லாம் என் கண்ணெதிரே.

டிரைவர் லைசென்சைக் காப்பாற்றிக்கொள்ள, வண்டி தப்பான பக்கம் வந்தது என்றான். “அவன் வலப்பக்கமா வந்தான், நான் அவனுக்கு இடப்பக்கமா நுழைஞ்சு தப்பிக்கப் பாத்தேன். இடிச்சது இடது முனையில” என்று கதை கட்டினான். ஏட்டு அதையே எழுதிக்கொண்டார். வழக்கு வண்டிக்காரன் மேல் வந்தது. தோற்றால் ஜெயில். விதைப்பு நேரம், வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. அவன் உள்ளே போனால் நிலம் அந்த வருஷம் தரிசுதான்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். சர்க்கார் வக்கீல் மதுரைக்காரர். கழுத்துப் பட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு மேலே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

“நீர் எதுவரைக்கும் படிச்சிருக்கீர்?”

“ரெண்டாப்பு.”

“ரோட்டு விதியெல்லாம் தெரியுமோ?”

“வண்டிக்கு இடப்பக்கம். இம்புட்டுத் தெரிய பி.ஏ. படிக்கணுங்களா?”

பின்னால் சிரிப்பு. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார்.

“எதிரி, அதான் இந்த வண்டிக்காரன், உம்ம பேட்டையில வண்டி விடுறவன்தானே? அப்ப உம்ம ஆளு.”

“என் கெணத்துத் தண்ணி குடிக்கிறவனெல்லாம் என் ஆளுன்னா, இந்தத் தாலுகாவே என் ஆளுதேன். இந்த ஏட்டய்யாவும் குடிச்சிருக்காரு.”

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டிய காரணம் வேறொன்றும் இருந்தது. முறிந்த நுகத்தடியைக் கயிற்றை அறுத்துத் தனியே எடுத்து வந்துவிட்டார் அந்த அறிவாளி. வண்டியிலிருந்து கழற்றிய நுகத்தடியில் எந்த முனை வலம், எந்த முனை இடம்? இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வக்கீல் அதை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிவிட்டு, “கட்டை ஒண்ணும் சொல்லலையே, ஐயா” என்றார்.

“கட்டை சொல்லாதுங்க. மாடு சொல்லும்” என்றேன்.

“மாடு கூண்டுல ஏறுமா?”

“நீங்க வாசலுக்கு எறங்குவீங்களா?”

பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு விளக்கினேன். முறிந்த முனைப் பக்கம் விழுந்தது மயிலை என்று ஏட்டே எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் காளையை வண்டிக்குப் பழக்கும்போதே ஒன்றை வலத்துக்கும் ஒன்றை இடத்துக்கும் என்று பழக்குவோம். ஆயுசுக்கும் மாற்ற மாட்டோம். மயிலை எந்தப் பக்கத்து மாடு என்று தெரிந்துவிட்டால் முறிந்த முனை எது என்பதும் தெரிந்துவிடும். சட்டப் புத்தகம் படித்த இரண்டு பேர் இருந்த இடத்தில் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாஜிஸ்திரேட் வாசலுக்கு இறங்கி வந்தார். வண்டிக்காரன் அதே ஜோடியைத்தான் புது நுகத்தடியில் பூட்டிக் கோர்ட்டுக்கு வந்திருந்தான். அவன் ஜாடை காட்டினான் என்று யாரும் சொல்லக்கூடாது. அதனால் அவனை உள்ளேயே இருக்கச் சொன்னேன். மாடுகளை அவிழ்த்து, மயிலையை இடப்பக்கமும் அதன் ஜோடியான செவலைக்காளையை வலப்பக்கமும் மாற்றி நிறுத்தச் சொன்னேன். ஏட்டே பிடித்து நிறுத்தினார். கோர்ட்டுச் சேவகர்களான இரண்டு டவாலிகள் வண்டியின் நுகத்தடியைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் நாக்கைச் சொடுக்கினேன்.

மயிலை ஏட்டின் கையை உதறியது. செவலைக்குப் பின்னால் சுற்றி வந்து, வலது முனைக்குக் கீழே கழுத்தைக் கொடுத்து நின்றது. செவலை தானாக இடப்பக்கம் நகர்ந்தது.

“தற்செயல்” என்றார் வக்கீல்.

“இன்னொரு தடவை” என்றார் மாஜிஸ்திரேட்.

மறுபடியும் அதுவேதான். மூன்றாம் தடவை மயிலை ஏட்டை முட்டியே தள்ளிவிட்டது. டிரைவர் முகம் அவன் பஸ் அடுப்புக் கரிபோல் ஆனது.

வழக்குத் தள்ளுபடி. வண்டிக்காரன் அந்த வாரமே விதைத்தான். அதோடு முடிந்திருந்தால் சரி. ஊர் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? மாடு சாட்சி சொன்ன கேஸ். மாட்டுப் பொங்கலுக்கு வண்டிக்காரன் வீட்டுக்குப் போனால் மயிலைக்கு மாலை, எனக்கு ஒரு சொம்பு மோர்.

“அண்ணே, மயிலை மட்டும் இல்லேன்னா நான் செயில்லதேன் கெடந்திருப்பேன்” என்றான் அவன், என்னிடமே.

“ஏன்டா, மயிலை தானாவா கோர்ட்டுக்கு நடந்து வந்துச்சு?”

“இல்லண்ணே, நான்தேன் ஓட்டியாந்தேன்.”

இந்த மூளையைக் காப்பாற்றத்தான் நான் கூண்டேறினேன்.

அந்தக் காளை செத்தபோது அவன் நிலத்தின் ஓரத்தில் புதைத்துக் கல் நட்டார்கள். கோர்ட்டில் சாட்சி சொன்ன மயிலை என்று வெட்டியிருக்கிறது. இப்போது அவன் பிள்ளைகள் அதற்கு வெள்ளையடித்துப் பொட்டு வைக்கிறார்கள். வைக்கட்டும். மாடு கழுத்தைக் கொடுத்தது. கேட்கிற விதத்தில் அதைக் கேட்டது யார்? கல்லில் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே என் பெயரை வெட்ட வேண்டும். மாட்டின் எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது.