பிரிக்காத கட்டுகள்

அண்ணன் பதிவறை எழுத்தர். முப்பத்துநான்கு வருடம் பழைய கோப்புகளோடுதான் வாழ்ந்தார். அதற்குள் எங்கள் மாவட்டத்தை மூன்று முறை பிரித்தார்கள். முதல் இரண்டு முறையும் புதுத் தலைநகருக்குக் கோப்புகள் லாரியில் போயின. பின்னாலேயே அண்ணனும் போனார். பெயிண்ட் வாடை போகாத அறையில் அலமாரிகளை நிறுத்தி, எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வீடு திரும்ப ஒவ்வொரு முறையும் மூன்று வருடம் ஆனது.

மூன்றாம் முறை பிரித்தபோது ஓய்வுக்கு இருபது மாதம்தான் இருந்தது.

"இந்தத் தடவையாவது என்னை விட்டுடுங்க சார்" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"எந்தக் கிராமம் எந்தப் பக்கம்னு பாத்து கோப்பைப் பிரிச்சு அனுப்பிடுங்க. நீங்க இங்கயே இருக்கலாம்" என்றார் அவர்.

ஆறே வாரத்தில் அனுப்பினார். ஒன்றில் மட்டும் அவருக்குக் கை வரவில்லை. மிகப் பழைய கோப்புகளை நாலைந்து கிராமத்துக்குச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்திருப்பார்கள். தைத்த கட்டைப் பிரித்தால் தாள் தவறிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் எந்தப் பக்கத்துக் கிராமங்கள் அதிகமோ அந்தப் பக்கத்துக்கே முழுக் கட்டையும் ஒதுக்கிவிட்டார். எல்லையோரத்து ஜனங்கள் ஒரு நில ஆவண நகலுக்காக இரண்டு தலைநகருக்கும் அலைந்தார்கள்.

புது அலுவலகத்துத் தட்டச்சர் போன் செய்தார்.

"என்னண்ணே, ஒரு மாவட்டத்தையே பிரிச்சுட்டாங்க, நீங்க நூலைப் பிரிக்கப் பயப்படுறீங்களே! தெரிஞ்சவரே வந்து பிரிக்கட்டும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. கிளம்பி வாங்க."

அண்ணி பெட்டியை எடுத்து வைத்தார். "நீங்களா தேடிக்கிட்டது" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

அறுநூற்றுச் சொச்சம் கட்டுகள். ஒவ்வொன்றையும் அவிழ்த்து, தாள் எண்ணி, கிராமவாரியாகத் திரும்பத் தைத்தார். முடித்த வாரமே ஓய்வு. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் வந்து சேர்ந்தார்.

அதன்பின் வீட்டில் அவர் இருந்தது ஐந்து மாதம். பாதி நாள் ஜன்னலோரம் தூங்கியபடியே கழிந்தது. எங்கேயாவது போய் வரலாமா என்று அண்ணி கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார். அவர் கண்ணை மூடுவதற்குப் பத்து நாள் முன்னால், பக்கத்து மாவட்டத்தைப் பிரிக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. அண்ணி அவசரமாக அணைக்க எழுந்தார்.

"இருக்கட்டும்" என்றார் அண்ணன். "யாரு மாட்டினான்னு பாப்போம்."