பற்றைக்காடு என்று சொன்னால் ரிஹானாவுக்குக் கோபம் வரும்

ரிஹானா போய்விட்டாள்.

இன்று காலை யட்டவத்த சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய தம்பியிடமிருந்து போன். "சாந்தி அக்கா… ராத்தா மௌத்தாகிட்டாங்க. விடியக்காலைல நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…"

மரக்கறிப் பையை எங்கே வைத்தேன் என்று இப்போதுவரை தெரியாது. மாத்தளைக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவளைத் தெரியாதவர்களுக்காக… நானும் ரிஹானாவும் லக்கலயில் ஒரே ப்ராஜெக்டில் வேலை செய்தோம். ஆற்றோரச் சமவெளியில் இருக்கும் குட்டைக் காட்டில் என்னென்ன வளர்கிறது என்று பார்ப்பதும் அதைக் காப்பாற்றுவதும்தான் வேலை. செடிகள் அவள் பொறுப்பு. மேப் என் பொறுப்பு.

மழைக்காலத்தில் அங்கே ஆறு ஏறிவந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். மற்ற மாதமெல்லாம் அந்த மண் வெடித்துக் கிடக்கும். அதில் மரம் உயராது. இலந்தை, வீரை, ஆவரை… முள்ளும் கோணலுமாக, பெரும்பாலும் ஆள் உயரம்தான்.

யாராவது அதை வெறும் புதர் என்பதுபோலப் "பற்றைக்காடு" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள்.

"ஒசரம் கொறஞ்சா காடு இல்லயா? நானுந்தான் குட்டை. நான் மனுஷி இல்லயா?"

யானை என்றால் அப்படி ஒரு பயம் அவளுக்கு. ஒருநாள் இலை மறைவில் கறுப்பாக ஏதோ அசைந்ததும் ஒரே தாவலில் ஜீப் கூரைக்குப் போய்விட்டாள். வெளியே வந்தது எருமை. இறங்கத் தெரியாமல் மேலே உட்கார்ந்துகொண்டு, "சிரிக்காத புள்ள… எருமையும் முட்டும்தானே!" என்றாள்.

பிறகு அந்த மரநடுகை விழா. அதைச் சொல்லாமல் ரிஹானாவைப் பற்றி எழுத முடியாது.

வெளியூரிலிருந்து ஒரு சங்கத்தார் லொறி நிறைய தேக்கும் மஹோகனியும் கொண்டுவந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். "வெறும் நிலம்" என்று யாரோ காட்டிய இடத்தில் நட வந்திருந்தார்கள். அந்த வெறும் நிலம் எங்கள் காடு.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள், நடுவதற்கு இடம் ஒதுக்க வந்திருந்த டோசர் ஆற்றோரமாக ஒரு துண்டைச் சுத்தமாக வழித்துவிட்டிருந்தது. வேரோடு புரண்டு கிடந்த வீரை மரங்களைப் பார்த்ததும் ரிஹானாவின் முகம் மாறிவிட்டது.

நேரே பந்தலில் இருந்த விழாவின் பிரதம அதிதியிடம் போனாள். இருவரும் சிங்களத்தில்தான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

"மிஸ், மரம் நடுறத யாராவது வேணாம்னு சொல்வாங்களா?"

"மரத்தப் புடுங்கிட்டு மரம் நட வேணாம்னு சொல்றேன் சேர்."

"இதெல்லாம் மரமா?" அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ரிஹானா விறுவிறு என்று நடந்து டோசருக்கு முன்னால் போய், ஒரு இலந்தை மரத்தடியில் நின்றுவிட்டாள். எங்கள் ஆபீஸ் பெரியவர் கூப்பிட்டார். நகரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். டோசர் கிட்டே வந்தபோதும் நகரவேயில்லை.

கடைசியில் டோசர் ஓட்டியவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி அவளிடம் போனார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது… அவளுடைய சால்வை முழுக்க இலந்தை முள்ளில் மாட்டியிருந்தது. பாவம், அந்த மனிதர் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டார்.

அது முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிரதம அதிதிக்குப் பொறுமை போய்விட்டது. "கன்றுகளைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் கொண்டுபோய் நடுங்கள்" என்றார். லொறி திரும்பியது. டோசரும் போனது.

ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் என் காதருகே வந்து சொன்னாள்: "வீரமா நின்னேன்னு நெனைக்கிறாங்க புள்ள… மொதல்ல வீரமாத்தான் போனேன். டோசர் கிட்ட வந்ததும் ஓடத்தான் பாத்தேன். முள்ளு விடல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வழித்தெடுத்த அந்தத் துண்டு ஞாபகம் வந்து அழுதாள்.

அந்த வேலைக்குப் பரிசாக மாத்தளை ஆபீசுக்கு மாற்றம் வந்தது. மேசை வேலை. பெட்டி கட்டும்போது, "அங்க எருமை வராதுதானே" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் லீவு கிடைத்தால் லக்கல பஸ்ஸில்தான் இருப்பாள். இருக்கும் ஒன்றிரண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வழித்த துண்டில் ஏறிய கினிப்புல் களையை நாங்கள் இருவரும் ஊர்ப் பெண்கள் சிலரும் பிடுங்கிப் போடுவோம். மாடு புகாமல் முள் வெட்டி அடைப்போம். ஒரு கன்றுகூட அவள் நட விடவில்லை. "மண்ணுல வித்து இருக்கு. நாம தொந்தரவு பண்ணாம இருந்தாலே போதும்."

இரண்டு மழை ஏமாற்றியது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் சுகமில்லாமல் அவளால் வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். அங்கிருந்து வீடியோ கோல் எடுத்தேன்.

"கீழ புடி… இன்னும் கீழ… கைய ஆட்டாத சாந்தி! அந்தச் சின்னது… ரெண்டு இலை தெரியுதே, அதுக்குப் பக்கத்துல…"

முழங்கால் உயரத்துக்கு இலந்தை வந்திருந்தது. அங்குமிங்குமாக ஆவரை. ஒரேயொரு வீரை… விரலளவு.

போனில் சத்தம் இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேன்," என்றாள். "அப்படியே புடிச்சிட்டிரு. பாத்துட்டிருக்கேன்."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இன்று ஆண்கள் எல்லோரும் அடக்கத்துக்குப் போன பிறகு அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரவைத்தார். ஒருநாளும் அவர் லக்கல பக்கம் போனவரில்லை.

"லீவு கெடச்சா அங்கதானே ஓடுவா… அந்த வெயில்ல. அங்க நெழலாவது இருக்கா மகள்?"

"இருக்கு உம்மா. குனிஞ்சு உள்ள போனா நல்ல நெழல்."

உம்மா தலையை ஆட்டினார். என் கையை விடவில்லை.

போய் வா, ரிஹானா.