கிழிக்கும் முன் வாசியுங்கள்

கடன்பட்டவர்களுக்கு யோசனை சொல்லும் வேலையில் சம்பளம் கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் அவர்கள் காட்டும் முதுகைத்தான் சம்பளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், நான் எழுதிய துண்டறிக்கையை மில் தொழிலாளர் சங்கத் தலைவர் தன் பெயரில் அச்சடித்தார். அடுத்து, அதே அறிக்கைக்காக மில்லில் என்னை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்து, மில்லையே மூடினார்கள். அதற்கடுத்து, எங்கள் நிலுவைப் பணத்தைப் பேசப் போன தலைவர், தன் மகனுக்கு ஒரு வேலையை மட்டும் பேசி முடித்துக்கொண்டு திரும்பினார். கடைசியாக, சங்க அலுவலகத்தைக் காலி செய்தபோது கொடிக்கம்பத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு, மேசையையும் பெஞ்சையும் வாடகை பாக்கியையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மேசையைக் கருமத்தம்பட்டியில் காதர் பாயின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வட்டிக்கு வாங்கி விழி பிதுங்கியவர்கள் வரலாம் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். அட்டையைப் படித்தவர்கள் யாரும் வரவில்லை. படிக்காதது போல் நடந்துகொண்டவர்கள்தான் வந்தார்கள்.

காற்றுப் பிடிக்க வந்தவர்

பழனிசாமி வீட்டோடு இரண்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்பவர். கரண்ட் பில் கட்ட முடியவில்லை. பைனான்ஸ்காரரிடம் வாங்கிக் கட்டிவிடலாமா என்று கேட்டார். பில்லுக்காகக் கடன் வாங்கினால் அடுத்த பில்லோடு வட்டியும் வந்து நிற்கும். முதலில் மின்சார அலுவலகத்தில் தவணை கேளுங்கள், பியூசைப் பிடுங்கிய பிறகு கேட்பதைவிட அதற்கு முன்னால் கேட்பது நல்லது என்றேன். உங்களில் யாருக்காவது இப்போது இந்த நிலைமை இருந்தால் உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். மனு எழுதிக் கொடுத்து, நானும் கூடப் போய் நின்றேன். தவணை கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும், பழனிசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகும் அடிக்கடி வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும். தெருமுனையில் நின்று அவரே வால்வைத் திறந்துவிடுவதைக் காதர் பாய் பார்த்திருக்கிறார். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "காத்துப் புடிக்கத்தானுங்க வந்தேன். வந்த எடத்துல உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போலாம்னுங்க."

கிழிந்த சத்தம்

பைனான்ஸ்காரரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயர் போர்டில் இருந்தது, கடன் கொடுக்க லைசென்ஸ்தான் எங்கும் இல்லை. கடன் வாங்குபவரிடம் தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். கடன் தீர்ந்ததும் ஒரு சடங்கு உண்டு. நோட்டை எடுத்து வந்து, நான்காக மடித்து, கண் முன்னால் கிழித்து, தீக்குச்சியும் வைத்துவிடுவார். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழிக்கச் சொல்லலாம்தான். ஆனால் நம்மூரில் அப்படிக் கேட்டால் மனுஷனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். 'ங்க' போட்டே பழகிய வாயில் அந்தக் கேள்வி வராது.

பழனிசாமியும் தன் பழைய கடனை அப்படித்தான் தீர்த்தார். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். பொங்கல் கழிந்ததும் வசூல் ஆள் வாசலில் வந்து நின்றான். பழனிசாமி கையெழுத்துப் போட்ட நோட்டு அவன் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. கிழித்தது வேறு யாருடைய நோட்டோ. நான் சண்டைக்குப் போனேன். சாட்சி எங்கே என்று கேட்டார்கள். பழனிசாமி ஒரு பகுதியை மறுபடியும் கட்டினார். அன்றிலிருந்து என் மேசைக்கு வருபவர்களுக்கு ஒரு சட்டம் வைத்தேன்: நோட்டில் உள்ள பெயரைச் சாட்சிகள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும், பிறகுதான் கிழிக்க வேண்டும், கணக்கு தீர்ந்தது என்று எழுதி வாங்க வேண்டும். ஏன் ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை என்று பழனிசாமியிடம் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கிழியற சத்தம் கேட்டுதுங்க. அதுவே போதும்னு இருந்துபோட்டேனுங்க."

இலையில் மடித்த விருந்து

பழனிசாமியின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். காதர் பாய்க்குப் பத்திரிகை வந்தது. எதிர்ப்புற டீக்கடைக்கு வந்தது. வசூல் ஆளுக்கும் போயிருக்கிறது. எனக்கு வரும் என்று வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். வரவில்லை. முகூர்த்தம் அன்று கடையும் பூட்டியிருந்ததால் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, மண்டபத்து நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாழையிலையில் மடித்த பலகாரத்தோடு பழனிசாமி வந்தார். மறக்காமல் காற்றையும் இறக்கிவிட்டுத்தான் வந்தார். அவராகவே சொன்னார்: "உங்களைக் கூப்புடக் கூடாதுன்னு இல்லீங்க. நீங்க பந்தியில உக்காந்தா, எங்களுக்கு எவ்வளவு கடன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எண்ணிப்போடுவாங்க."

நேர்வழியில் வந்த அம்மணி

மரியபுஷ்பம் சைக்கிள் இல்லாமல், பட்டப்பகலில், என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார். தறிக்குப் போய்ச் சம்பாதிப்பவர். கணவர் அந்தோணியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதே பைனான்ஸ்காரரிடம் வாங்கியிருந்தார். அந்தோணி பிழைக்கவில்லை; கடன் பிழைத்துக்கொண்டது. வாங்கியதற்கு மேலேயே கட்டிவிட்டார். ஆனாலும் அவர் ரேஷன் கார்டும் தொகை எழுதாத நோட்டும் அங்கே கிடந்தன. நோட்டில் பெரிய தொகையைப் போட்டு, அவர் குடியிருந்த ஓட்டு வீட்டை எழுதி வாங்கிவிடுவதாக மிரட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் திரும்பும் நேரம் பார்த்து வசூல் ஆள் அவர் வாசலில் உட்காருவானாம்.

இதை அடைக்க இன்னொருவரிடம் வாங்காதீர்கள் என்றேன். எப்போது எவ்வளவு கட்டினார் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது, ரேஷன் கார்டைப் பிடித்து வைத்திருப்பது எல்லாவற்றையும் போட்டுக் கலெக்டருக்கு ஒரு மனு தயாரித்தோம். கொடுப்பதற்கு முன்னால் அதைப் பைனான்ஸ்காரரிடம் படித்துக் காட்டினேன். ரேஷன் கார்டு அன்றைக்கே வந்தது. ஒரு சிறு தொகையோடு கணக்கை முடித்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். என்னோடு நடந்து போனால் பெயர் கெட்டுவிடும் என்று தறிக்கூடத்தில் எச்சரித்தார்களாம். அதற்கு மரியபுஷ்பம் சொன்ன பதிலை அவரே எனக்குச் சொன்னார்: "வாசல்ல வசூல்காரன் உக்காந்திருந்தப்ப கெடாத பேருங்களா, உங்களால கெட்டுப்போகப் போகுது?"

சாட்சி

கடைசித் தொகையைக் கட்டும் நாளில் காதர் பாயும் கூட வந்தார். பைனான்ஸ் கடை வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்து டீக்கடையில் பழனிசாமி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பைனான்ஸ்காரர் நோட்டை நான்காக மடித்தார். மரியபுஷ்பம் கையை நீட்டித் தடுத்து, வாசியுங்கள் என்றார். நம்பிக்கை இல்லையா அம்மணி என்று அவர் சிரித்தார். "நம்பித்தானுங்க வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்" என்றார் மரியபுஷ்பம். பைனான்ஸ்காரர் மடிப்பைப் பிரித்து, "அந்தோணி மனைவி மரியபுஷ்பம்" என்று வாசித்தார். காதர் பாய் எட்டிப் பார்த்துத் தலையாட்டியதும் கிழித்தார்.

பைனான்ஸ்காரர் கணக்கு தீர்ந்த சீட்டை எழுதிக் கொடுக்க, காதர் பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல் நான் தெருவில் இறங்கினேன். இப்படி எத்தனையோ சீட்டுகளை முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட என் பெயர் இருக்காது, வீட்டில் பார்ப்பவர்கள் என்ன ஏதென்று கேட்பார்கள் என்று கடன் தீர்த்தவர்களே வேண்டாம் என்பார்கள். மரியபுஷ்பம் பின்னாலேயே வந்து சீட்டையும் பேனாவையும் நீட்டினார். உங்கள் பெயர் கெட்டுவிடுமே என்று மெதுவாகச் சொன்னேன். டீக்கடைக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "நான் கடன் வாங்குனது ஊருக்கே தெரியுமுங்க. தீத்தது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாம இருக்கோணுமா?"

நான் கையெழுத்துப் போட்டதும் சீட்டைப் பைனான்ஸ்காரரிடம் கொடுத்து முழுக்க வாசிக்கச் சொன்னார். ஆக, ஆயுள் முழுக்கச் சங்கக் கூட்டங்களில் மற்றவர்கள் பெயரையே கத்திக்கொண்டிருந்தவனின் பெயரை முதன்முதலாக நாலு பேர் அறிய வாசித்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற ஒரு வட்டிக்காரர்தான்: "ரெண்டாவது சாட்சி, பெரியண்ணன் மகன் ரங்கசாமி."