அவன் பாதியில் நிறுத்திய படங்கள்

என் மனைவியின் காரியமெல்லாம் முடிந்து மகன் புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு பெரிய டிவி வாங்கிவந்தான். வடக்கனந்தலில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் அதைத் தாங்கும்படி ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. கடை ஆட்கள் வந்து அங்கே மாட்டினார்கள். கேபிள்காரர்களிடம் சொல்லி இன்டர்நெட் இணைப்பும் வாங்கிக் கொடுத்தான். படம் பார்ப்பதற்கு அவன் வைத்திருந்த கணக்கையே இந்த டிவியிலும் போட்டுவிட்டான்.

"உனுக்கு இன்னா வேணுமோ பாருப்பா. சும்மா செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருக்காத" என்றான்.

கிளம்பும் அவசரத்தில் எனக்கென்று தனியாக எதையும் பிரித்து வைக்கவில்லை. அவன் அங்கே பார்க்கும் பக்கத்திலேயே நானும் இங்கே பார்த்தேன்.

நான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் தடத்தில்தான் ஓட்டினேன். விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது மகன் சாப்பிட்டுப் படுத்திருப்பான். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. பேசிப் பழகவில்லை, அவ்வளவுதான். அவன் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகும் தினமும் அவன் அம்மாவிடம்தான் பேசுவான். போனை வைத்துவிட்டு அவள் எனக்குச் சொல்லுவாள். அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மேலதிகாரி மாறிவிட்டார், கூட இருந்த பையன் அறையைக் காலி செய்துவிட்டான் என்று. அதிலேயே எனக்கு நிறைந்துவிடும். நேராக அவனோடு பேச வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்தான். சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன், நீ என்பேன். மாத்திரை இருக்கிறதா என்பான். இருக்கிறது என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, சரி வைக்கட்டுமா என்று முடித்துக்கொள்வோம்.

டிவியைப் போட்டதும் முதல் வரிசையில் பாதியில் நிறுத்திய படங்கள் வரும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எதுவரை ஓடியிருக்கிறது என்று ஒரு சிவப்புக் கோடு. முதலில் எனக்கு அது விளங்கவில்லை. நான் தொடாத படமெல்லாம் அங்கே நிற்கிறதே, ரிமோட்டை எங்காவது தவறுதலாக அழுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு சமையல் நிகழ்ச்சியைத் திறந்தபோது, கத்திரிக்காயை எண்ணெயில் போடும் இடத்திலிருந்து ஓடியது. அப்போதுதான் புரிந்தது. முந்தைய நாள் மகன் அதுவரை பார்த்திருக்கிறான்.

அதிலிருந்து சாயங்காலம் டிவியைப் போட்டால் அந்த வரிசையைத்தான் முதலில் பார்ப்பேன். சிரிப்புப் படம் ஒன்றைக் கிட்டத்தட்ட முழுக்க ஓட்டியிருந்தால் அன்று நன்றாக இருந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வேன். நாலைந்து படங்களைத் தொடங்கித் தொடங்கி விட்டிருந்தால் மனசு சரியில்லை என்று படும். ஒரு படத்தை அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தான். பிறகு அதைத் தொடவே இல்லை. நானும் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. அன்று டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் டிவியைப் போட்டேன். வரிசை வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்து நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிவி, வீடு, கணக்கு என்ற வார்த்தைகள் தெரிந்தன. மொத்தமாக என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. நெட்தான் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. டிவியின் பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுச் செருகினேன். அதே நாலு வரி. சும்மா கிடைக்கும் வீடியோக்கள் ஓடின. யாரோ மாட்டுக்குத் தீவனம் கலப்பதைத் தெளிவாகக் காட்டினார்கள். மகனுடைய பக்கம் மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் கேபிள் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அன்று யாரும் வரவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் டிவி ஓடாவிட்டால் மற்றச் சத்தங்களெல்லாம் பெரிதாகிவிடுகின்றன. பிரிட்ஜ் உறுமுவது, பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பது, பல்லி சத்தமிடுவது. மகனுக்குப் போன் செய்து கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் நான் போன் செய்தால் பதறிப்போவான். டிவி ஓடவில்லை என்று சொல்வதற்கா வேலை நாளில் கூப்பிடுவது என்று இருந்துவிட்டேன்.

லைன்மேன் அடுத்த நாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். நைனார்பாளையத்துக்காரர். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்தார், தன் போனில் வேகத்தை அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தன் போனில் இருக்கும் நெட்டை டிவிக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அதே நாலு வரிதான் வந்தது. இந்த முறை அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"லைன்ல ஒண்ணும் கொற இல்லீங்க. இந்தக் கணக்கு யாருதுங்க?" என்று கேட்டார்.

மகனுடையது, அவன் புனேவில் இருக்கிறான் என்றேன்.

"அதாங்க. ஒரு கணக்குன்னா ஒரு வூட்டுலதான் பாக்கணும்னு இப்ப கண்டிஷன் போட்டுட்டானுங்க. உங்க புள்ள இருக்கறது ஒரு வூடு, இது வேற வூடு. அதான் நிறுத்திட்டான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு நாளெல்லாம் இதே வேலை. மகன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை இங்கே போட்டால் கொஞ்ச நாளைக்கு ஓடும் என்றார். இல்லையென்றால் எனக்கென்று தனியாக ஒரு கணக்கு வாங்கிக்கொள்ளலாம், இன்றைக்கே கூடப் போட்டுத் தருகிறேன் என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். எனக்குப் படம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசைதான் வேண்டியிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலையில் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வெள்ளிமலை பஸ் வந்தது, ஏறினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தடத்தில் நான் போனதே இல்லை. ஓட்டுநர் புது ஆள், என்னைத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பரிகம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் வலது கால் தானாக அழுத்திக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் என் கை மடியில் அசைந்தது. மேலே மரவள்ளிக் காடுகள் பச்சையாகக் கிடந்தன. வெள்ளிமலையில் இறங்கி, நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குப் போனேன். அங்கே இப்போது செல்போன் கடை இருந்தது. எதிரில் டீ குடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்பும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பேசியது டீ கேட்டபோதும் டிக்கெட் கேட்டபோதும்தான்.

பாதி மலை இறங்கியபோது சட்டைப் பையில் போன் துடித்தது. தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் மகனுடையவை. எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அடித்தான்.

"எங்கப்பா போன? காலையிலருந்து அடிச்சிக்கினே இருக்கறேன்."

"வெள்ளிமல வரைக்கும் போயிட்டு வரேன். மேல என் போனுக்கு சிக்னல் எடுக்கல."

"அங்க யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா போனேன்."

"ரெண்டு மூணு நாளா நீ எதையுமே பாக்கல. அதான் ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"நான் பாக்கலன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ பாத்ததெல்லாம் இங்க காட்டும்பா. ஆபீசுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டுதான் போவேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கூடையோடு நின்ற ஒரு பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். நானும் அப்படித்தான் பார்ப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அத்தனை பேர் நடுவில், சத்தத்தில், அதைக் கத்திச் சொல்ல முடியவில்லை. டிவி ஓடவில்லை என்று மட்டும் சொன்னேன். லைன்மேன் சொன்னதையும் சொன்னேன். வூட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடு என்றான்.

அன்று சாயங்காலம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டிவியின் முன்னால் நின்றேன். அவனுக்கு வந்த நம்பரை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் ரிமோட்டில் தேடித் தேடி அழுத்தினேன். கடைசி எண்ணுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. மறுபடியும் கேட்டோம். அடுத்தது வர நேரமாயிற்று. அந்த இடைவெளியில் ஏதோ சத்தம் கேட்டது. என்ன அது என்றேன். குக்கர் என்றான். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டிருக்கிறானாம். கூட இருந்த பையன் காலி செய்த பிறகு வேறு ஆளைச் சேர்க்கவில்லையாம், தனியாகத்தான் இருக்கிறானாம். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறானாம், கிடைக்குமா தெரியவில்லையாம். இதெல்லாம் முன்பு அவன் அம்மா வழியாக எனக்கு வந்துகொண்டிருந்த செய்திகள். இரண்டாவது நம்பரில் ஒரு எண்ணை மாற்றி அழுத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. மூன்றாவதில் திறந்தது. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

வரிசை வந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் அது சில நாள்தான் தாங்கியது. மறுபடி அந்த நாலு வரி வந்தபோது, தினமும் நம்பர் சொல்லிக்கொண்டு எப்படி அவதிப்படுவது என்று மகன் எனக்குத் தனிக் கணக்கு எடுத்துவிட்டான். அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். வேண்டாம் என்பதற்கு என்னிடம் சொல்லும்படியான காரணம் இல்லை. லைன்மேனே வந்து போட்டுக்கொடுத்தார். உங்களுக்கு எந்த மாதிரிப் படங்கள் பிடிக்கும் என்று அது கேட்டது. எனக்குத் தெரியவில்லை. அவரே சிலவற்றைத் தொட்டுவிட்டுப் போனார்.

இப்போது டிவி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. பாதியில் நிற்பவை எல்லாம் நான் நிறுத்தியவைதான். பல நாள் எதையும் தொடங்காமல் ரிமோட்டை வைத்துவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கேட்டேன். "நேத்து இன்னா பாத்த?"

"ஒண்ணும் பாக்கலப்பா. வேல ஜாஸ்தி" என்றான். "நீ இன்னா பாத்த?" என்று அவனும் கேட்டான்.

ஒரு படம் பார்த்தேன் என்றேன். என்ன கதை என்று கேட்டான். கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு மீனவன், கடலில் காணாமல் போன அவன் அண்ணன் என்று ஆரம்பித்து, முன்னும் பின்னுமாகக் குழப்பி, நடுவில் மறந்ததைப் பிறகு சேர்த்து, எப்படியோ கடைசி வரை சொன்னேன். அவன் இடையிடையே ம் கொட்டிக்கொண்டிருந்தான். நான் முடித்ததும், மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.