தொண்டை கட்டிய வாரம்

இரண்டு விரல்களுக்கு நடுவே மொச்சைக்கொட்டை அளவில் ஓர் அச்சு. சுழலும் சிறு கல்லில் அதன் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் காட்டுகிறார். உடனே எடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். விரல் காய்த்துப்போனது, பொய் சொல்லிவிடும். மணிக்கட்டு சொல்லாது என்பது அவர் கணக்கு.

காது கேட்கும் மிஷினைக் காதில் நிறுத்தி வைக்கும் அச்சு அது. ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது. காது மருத்துவரின் அறைக்குப் பின்னால், ஜன்னலோர மேசையில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. எல்லோருக்கும் அவர் காது மாஸ்டர். என் அச்சு உரசுகிறது என்று போனவன், பிறகு சும்மாவும் போக ஆரம்பித்தேன்.

பேச்சு எப்போதும் உச்சத்தில்தான். வருகிறவர்களுக்குக் கேட்க வேண்டுமே. அவர் "உக்காருங்க" என்றால் தெருவில் போகிறவரும் ஒரு கணம் நிற்பார்.

மதியம் டப்பாவில் முக்கால் பங்கு கீரையும் பயறும், ஓரத்தில் ஒரு துண்டு மீன், கைப்பிடிச் சோறு. உப்பு இருக்கிறதா என்பது சந்தேகம். "மாஸ்டர் டப்பாவைத் தொறந்தா ஆடு வந்து எட்டிப் பாக்குது சார்" என்பாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

"பாக்கட்டும்மா. எந்த ஆட்டுக்காவது ஞாபக மறதி வந்து கேள்விப்பட்டிருக்கியா?"

அவர் மாமியார் கடைசி ஐந்து வருடம், பெற்ற மகளையே "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று மனைவிக்குப் பயம். அதைப் பார்த்து இவர் சிகரெட்டை விட்டார். வீட்டில் சர்க்கரை டப்பாவில் இப்போது பட்டன்கள் கிடக்கின்றன. காலையில் இருவரும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறார்கள். பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். "வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது சார். வர்ற வாய்ப்பைக் குறைக்கலாம். நம்ம கையில இருக்கறது அவ்ளோதான்."

போன மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அடுப்படியில் முதுகு காட்டி நின்ற மனைவியிடம் வெந்நீர் கேட்டார். அந்த அம்மா திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டார். மனைவி சிரித்துத் தலையாட்டினார். இவருக்கு ஏதோ உறுத்தியது. "வீட்டை வித்துட்டு எங்கயாவது ஓடிப் போயிடட்டுமா?" என்றார்.

"சரிங்க. குடை எடுத்துட்டுப் போங்க."

இதைச் சொல்லும்போது மாஸ்டர் சிரிக்கவில்லை. "காது மங்கினா அதுக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டு, விட்டுடாதீங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றவன் நான். நான் கத்துற கத்துல வீட்ல இருக்கறவ காது போனது எனக்கே தெரியல. பக்கத்து வீட்டு அரட்டைக்குப் போறதை நிறுத்தி ரெண்டு வருஷம். வம்பு பிடிக்கலன்னு சொன்னா அவ. நம்பிட்டேன்."

அந்த அம்மா மூன்று அச்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்று குத்தியது, ஒன்று அடைத்தது, ஒன்றுக்குக் காரணமே இல்லை. முடியை இறக்கி வாரிக் காதுகளை மூடிக்கொண்டார். இப்போது கையில் இருப்பது நான்காவது.

சாயங்காலம் அந்த அம்மாவே வந்து எதிரில் உட்கார்ந்தார். மாஸ்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமல் சொன்னார்: "பேசறது பிடிபடாம போனப்போ, அம்மாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சேங்க. அதான் சொல்லல. மிஷின் வெச்சும் புரியலன்னா அப்புறம் அதுதானே?"

மாஸ்டர் சுழலும் கல்லை நிறுத்தினார். மனைவியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இது வெறும் காதுடி" என்றார். "குத்துச்சுன்னா அஞ்சாவது பண்றேன். எனக்கென்ன வேற வேலை."

அச்சை மிஷினோடு சேர்த்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, சூடு ஏறும்வரை மெல்ல உருட்டினார். சில்லென்று பட்டால் காது விலகிக்கொள்ளுமாம். பிறகு கையை நீட்டினார்.

அந்த அம்மா வாங்கிக்கொண்டார். மற்ற கையால், காதை மூடியிருந்த முடியை எடுத்துப் பின்னால் ஒதுக்கினார்.