கோவக்கார டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள்

ஏழுமலை போய்விட்டான் என்று டீக்கடை போனுக்குச் சேதி வந்தபோது நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே என்னை வெளுத்து வாங்கியிருந்தான். அவ்வளவு திட்டத் தெம்பிருக்கிறவன் எப்படிச் சாவான்? "சரியா கேளுப்பா, வேற ஏழுமலையா இருக்கும்" என்று கடைக்காரரைத் திருப்பி அனுப்பினேன். நம்ம பக்கம் ஏழுமலைக்கா பஞ்சம்? ஆனால் அவனேதான்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே அளத்தில் உப்பு வாரினவர்கள் என்பது ஊர்க்காரர்கள் உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் அவன் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்ததும் தெரியும். ஆம்பளைங்க சீரியல் பாக்குதுங்க பார் என்று நீங்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும். அது ஆஸ்பத்திரி சீரியல். அதில் ரெண்டு டாக்டர்கள், உயிர்ச் சிநேகிதர்கள். கண்ணாடி போட்டவர் எதற்கும் சிரிப்பார். இன்னொருத்தர் கோவக்காரர். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும், "இன்னும் சாப்பிடலையா நீ?" என்று கண்ணாடிக்காரரைத்தான் முதலில் பிடித்துக் கத்துவார். ஏழுமலைக்கு அவர்மேல் உயிர்.

"திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கணும்டா. இல்லாதவன் எவ்ளோ சம்பாரிச்சாலும் அநாதைதான்" என்பான்.

"உன் வாயில விழறதுக்கு அநாதையாவே இருந்துட்டுப் போறேன்" என்பேன். அதற்கும் திட்டுவான்.

ஒருநாள் சீரியலில் அவர்கள் ரெண்டு பேருக்கும் சண்டை மூண்டது. கோவக்கார டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். ஏழுமலை எழுந்து டிவியை அணைத்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அளத்துப் பெண்கள் வழக்கம்போல அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சீரியல் ஓடுகிற நேரத்தில் அடுப்படியில் இருக்கிறவர்கள். அவன் சொல்லித்தான் பாதிப் பேருக்குக் கதை தெரியும். இவன் என்ன சொல்லப்போகிறான் என்று நானும் பார்த்தேன்.

"கோவக்கார டாக்டரு ஏர்போர்ட்டு வரைக்கும் போனாரு. மனசு கேக்கல, திரும்பிட்டாரு. ரெண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரியே வேணாம்னு நம்ம மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சொந்தமா ஆஸ்பத்திரி போட்டுட்டாங்க!"

அஞ்சலைக்குச் சந்தேகம். "ஏன்ணே, எங்க வூட்டு டிவியில அப்படிக் காட்டலியே?"

"உன்னுது கறுப்பு வெள்ளை. அதுல பாதிக் கதைதான் வரும்."

எனக்குப் புரை ஏறிவிட்டது. முதுகில் ஒரு குத்து விட்டு, "டேய், இன்னிலருந்து நீதான் கண்ணாடி டாக்டர்" என்றான். கோவக்காரர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் தினமும் வரப்பில் ஆஸ்பத்திரிதான். குப்பம்மாவின் குதிகால் வெடிப்பு வந்தது. உப்பு வெயிலில் நீர் வடிகிற அஞ்சலையின் கண் வந்தது. "செருப்பு போடாம பாத்தியில ஏன் எறங்கின?" என்று அவன் எகிறுவான். நான் சிரித்துக்கொண்டே, "விடுங்க டாக்டர், ராத்திரிக்கு ரெண்டு கருவாடு குடுத்தா சரியாயிடும்" என்பேன். டிவியில் அந்த சீரியல் முடிந்தே போனது. கடைசிவரைக்கும் ரெண்டு பேரும் சேரவேயில்லை. நம்ம ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவில்லை.

மழை வந்து வேலை நின்றது. அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடைசியாக நான் போனபோது ஒரு பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஏழுமலை, "இவருக்குச் சிநேகிதன் எவனும் இல்லடா, மூஞ்சப் பாரு" என்றான். நான் சிரித்தேன். சிரிக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்றான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான், கத்த ஆரம்பித்துவிட்டான். நர்சம்மா ஓடிவந்து எங்கள் ரெண்டு பேரையும் அதட்டினார்.

இரைப்பு தணிந்ததும் மெதுவாகச் சொன்னான்: "தையில வேலை தொடங்கிடுவாங்க. நான் வர்ற வரைக்கும் நீ கதைய ஆரம்பிக்காத. உன்கிட்ட வுட்டா ரெண்டு டாக்டரும் சிரிச்சிக்கிட்டே இருப்பானுங்க. வைத்தியம் நடக்காது."

தை வந்துவிட்டது. உப்பு விளையப் பாத்தி மிதித்துக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அதே வரப்பில்தான் வந்து உட்காருகிறார்கள். நேற்று அஞ்சலைதான் கேட்டது.

"அண்ணே, ஆஸ்பத்திரி தொறந்திருக்குதா?"

ஆரம்பிக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மூடிவிட்டது என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை.

"தொறந்துதான் இருக்குது. கண்ணாடி டாக்டர் மட்டும் இருக்காரு."

"அவரு?"

"வெளியூர்ல ஒரு கேசு."

எதற்கும் எதிர்க்கேள்வி போடுகிற பெண் அது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவரு வந்தப்புறமே காட்டிக்கறேன்" என்றது. "நானும்தான்" என்று குப்பம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு அவன் குரலில் ஒரு தடவை கத்திப் பார்த்தேன். எனக்குக் கோவம் வரவில்லை. ஏழுமலையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவனுடைய நோயாளிகளைத்தான். இன்றைக்கும் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.