செக்கிங் இன்ஸ்பெக்டரான முதல் நாள்

இன்று முதல் நான் செக்கிங் இன்ஸ்பெக்டர்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டும் கிளீனராகச் சேர்ந்து, பல வருஷம் கண்டக்டராக இருந்தவன். எங்கள் கம்பெனியில் இதற்கு மேலே இருக்கும் நாற்காலி முதலாளி மகனுக்குத்தான்.

காலையில் செஞ்சியிலிருந்து வந்த அவலூர்பேட்டை வண்டியைப் பாதி வழியில் கைகாட்டி நிறுத்தி ஏறினேன். கண்டக்டர் முருகேசன், "வாண்ணே!" என்று சீட்டைத் துடைத்துவிட்டான்.

நான் உட்காரவில்லை. அவனுடைய தோல்பையை வாங்கி, நேராக அடித்தையலைப் பிரித்தேன். பழைய டிக்கெட்டுகள் கொட்டின. இறங்குகிறவர்களிடம் வாங்கி, ஏறுகிறவர்களுக்குத் திரும்ப விற்க வைத்திருந்தவை.

"இன்னாண்ணே, இந்தத் தையலே நீ போட்டுக் குடுத்ததாச்சே!" என்றான்.

பஸ்ஸே சிரித்தது.

"மாட்டிக்கினதும் இன்ஸ்பெக்டர் மேலயே பழி போடறான் பாரு," என்றார் முன் சீட்டு மளிகைக்கடைக்காரர்.

திருட்டோடு, மேலதிகாரியை அவமதித்ததையும் சேர்த்து எழுதினேன். அவனை அங்கேயே வெயிலில் இறக்கிவிட்டு, விசிலை நானே ஊதினேன்.

சாயங்காலம் முதலாளி தோளில் தட்டி, "மொத நாளே எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"எல்லாம் அனுபவம்தாங்க," என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், இதில் பொய் ஏதாவது இருக்கிறதா?